யதுகிரியம்மாளின் இடுப்பு

யதுகிரியம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட அன்று, வலியைவிட அதிகமாக அவளைப் பிடுங்கித் தின்றது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னவள் அவளுடைய ஓர்ப்படி பூமா. "நீங்க போய்ப் படுத்துக்கோங்கோ மன்னி, தளிகைய நான் பாத்துக்கறேன்." இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். ஒரே அடுப்படியில் ஓர்ப்படியோடு காலம் தள்ளியவர்கள் கேட்கமாட்டார்கள்.

மைசூர்க் கோட்டைக்குத் தெற்கே அக்கிரகாரத்தில் அவர்கள் வீடு. மேல்கோட்டையை விட்டு வந்து சில தலைமுறைகள் ஆகிவிட்ட ஐயங்கார்க் குடும்பம். அண்ணன் நம்பிக்கு அரண்மனைக் கச்சேரியில் கணக்கு எழுதும் வேலை, தம்பி கேசவமூர்த்திக்கு ரயில்வே ஆபீஸில். மூத்தவன் பெண்டாட்டி யதுகிரி, இளையவன் பெண்டாட்டி பூமா. மாமியார் போன நாளிலிருந்து அந்த அடுப்படி யதுகிரியின் ராஜ்யம். பூமாவுக்கு அங்கே காய் நறுக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், விறகு எடுத்து வைக்கலாம். கரண்டியைத் தொடக்கூடாது.

அந்த ராஜ்யத்துக்குக் கிரீடம் ஒன்று உண்டு. வருஷா வருஷம் சித்திரைத் திருவாதிரை அன்று, உடையவர் ராமானுஜரின் திருநக்ஷத்திரத்துக்கு, அந்த வீட்டில் பெரிய ததியாராதனை நடக்கும். மேல்கோட்டையிலிருந்து பங்காளிகள் எல்லாரும் சாப்பிட வருவார்கள். அன்றைக்கு அக்காரவடிசல் பொங்குவது ஒரு வெண்கலக் கங்காளத்தில். அகன்ற வாய், கனத்த அடி, இரண்டு பக்கமும் இரண்டு வளையம். பாலும் அரிசியும் வெல்லமும் நெய்யும் சேர்ந்து கொதித்து முடிந்ததும் அதை அடுப்பிலிருந்து இறக்கவேண்டும். யார் கை அதை இறக்கியதோ, அந்தக் கைக்குத்தான் உடையவருக்குச் சாத்திய மல்லிகை மாலை. குடும்பத்தில் மூத்தவரான மேல்கோட்டைப் பெரியப்பா, எல்லாரும் பார்க்க, "கங்காளத்த இறக்கின கை எது?" என்று கேட்டு மாலையைக் கொடுப்பார். மாமியார் இருந்தவரைக்கும் மாலை மாமியாருக்கு. அப்புறம் யதுகிரிக்கு. அதைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் கூடத்தில் நடக்கிற நடையைப் பார்க்கவேண்டும்.

இடுப்பு பிடித்தது பங்குனியில். மேல்கோட்டை வைரமுடி சேவைக்குப் போகிற சொந்தக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்து இறங்கினார்கள். அத்தனை பேருக்கும் திருக்கண்ணமுது, அதாவது பாயசம், வைக்கக் கங்காளம் வெளியே வந்தது. இறக்குகிற சமயத்தில் பூமா ஓடி வந்து, "ஒரு பக்கம் நான் பிடிக்கறேன் மன்னி" என்று கையை நீட்டினாள். "கை படாதே, தள்ளிக்கோ" என்றாள் யதுகிரி. இரண்டு கையையும் அகல விரித்து, இரண்டு வளையத்தையும் துணியால் பிடித்து, சூடு மேலே படாமல் உடம்பை எட்ட வைத்துக்கொண்டு, குனிந்தவாக்கிலேயே தூக்கினாள். தூக்கிப் பக்கவாட்டில் திரும்பி வைத்தும்விட்டாள். நிமிரத்தான் முடியவில்லை. இடுப்பில் ஏதோ படக்கென்று பூட்டிக்கொண்டது. பாதி குனிந்தபடி நின்றவளிடம்தான் பூமா அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

வேறு வழியில்லாமல் படுத்தாள். அடுத்த வீட்டு லக்ஷ்மம்மா வந்து பார்த்துவிட்டு, "எலும்பு நகந்திருக்குடி, அசையவே அசையாதே, அசஞ்சா கால் போயிடும்" என்று பயமுறுத்திவிட்டுப் போனாள். அதனால் யதுகிரி அசையவில்லை. தைலம் தடவினார்கள், மணலை வறுத்து ஒத்தடம் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் சற்றுத் தேவலை போல இருந்தது. பிறகு நாளாக ஆகக் கட்டை மாதிரி இறுகிப்போனாள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் புரளுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

உடம்புதான் அசையவில்லை, காது சும்மா இருந்ததா? அடுப்படியில் கரண்டி சத்தம் கேட்டால், இது சாம்பாருக்குக் கிளறுகிற சத்தமா, கூட்டுக்கா என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லுவாள். பெருங்காய வாசனை தூக்கலாக வந்தால், "கையில அளவே கிடையாது" என்று முணுமுணுப்பாள். எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒருநாள் நம்பி ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டே, "இன்னிக்குச் சாத்தமுது ரொம்ப நன்னா அமைஞ்சிருக்கே பூமா" என்றார். பூமா அடக்கமாக, "மன்னி பண்றதப் பாத்துக் கத்துண்டதுதான்" என்றாள். யதுகிரிக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது. திமிராகப் பேசியிருந்தாலாவது திட்டலாம். இப்படி அடக்கமாகப் பேசுகிறவளை என்ன செய்வது?

அன்று மத்தியானம் கணவரிடம், "என்ன வைத்தியமானாலும் சரி. திருவாதிரைக்குள்ள நான் எழுந்து நிக்கணும்" என்றாள். நம்பிக்கு உள்விஷயம் ஒன்றும் தெரியாது. ஆனால் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து, தாமதிக்கக்கூடாது என்று மட்டும் புரிந்துகொண்டார்.

இரண்டு நாளில் சென்னம்மா வந்தாள். கொள்ளேகாலத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். உடம்பைப் பிடித்துவிடுவதும், தேகப்பயிற்சி கொடுத்து வலியைத் தீர்ப்பதும் அவள் மதராஸுக்குப் போய்த் தனியாகப் படித்துவிட்டு வந்த படிப்பு. வெள்ளைப் புடவை, தோல் பை, படபடவென்று பேச்சு. கூடத்தில் பாயைப் போடச் சொல்லி யதுகிரியைப் படுக்கவைத்து, ஒரு காலை நீட்டினபடியே மெதுவாக மேலே தூக்கிப் பார்த்தாள். பிறகு மற்றக் கால். பிறகு பாதத்தை அழுத்தச் சொன்னாள்.

"கால் மரத்துப் போகுதுங்களா அம்மணி? முழங்காலுக்குக் கீழ சுரீர்னு இறங்குதுங்களா?"

"இல்லை."

"ஒண்ணுக்குப் போறதுல செரமம்? காய்ச்சல்?"

"அதெல்லாம் இல்லை. எலும்பு நகந்திருக்காம்."

"ஆரு சொன்னாங்க? எலும்பு எங்கீம் போகலீங்க. இருந்த எடத்துலதான் இருக்குது. நான் இப்பக் கேட்டதுல ஏதாச்சும் ஒண்ணு வந்துச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டீரோணும். மத்தபடி பயப்பட ஒண்ணுமில்ல. எத்தன நாளாப் படுத்திருக்கறீங்க?"

நம்பி சொன்னார். சென்னம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டு மூணு நாள் படுத்தது சரிங்க. அதுக்கு மேல படுத்ததுதான் கெட்டுது. பந்தக்கால் ஒத்தையா நிக்குமுங்களா? நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினாத்தான நிக்கும்? முதுகெலும்புக்கு வயித்துச் சதை, முதுகுச் சதை, பிட்டிச் சதை எல்லாம் கயிறுங்க. பாரம் தாங்காம ஒரு கயிறு சுளுக்கிக்கிச்சு. அத ஆத்தறதுக்குன்னு நீங்க படுத்து, மத்த கயித்தையெல்லாம் தொய்ய விட்டுட்டீங்க."

யதுகிரி இதில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள். படுத்தது தப்பு. படுக்கச் சொன்னது யார்? பூமா. லக்ஷ்மம்மா சொன்னதெல்லாம் அந்த நிமிஷமே அவளுக்கு மறந்துபோயிற்று. கதவோரம் நின்றிருந்த பூமாவை அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

சென்னம்மா பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தாள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றவேண்டும். இடுப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். வயிற்றை உள்ளே இழுத்து அந்த இடைவெளி போகும்படி இடுப்பைத் தரையில் அமுக்கி, பிறகு விடவேண்டும். அது பழகினால், ஒரு முழங்காலைக் கையால் பிடித்து நெஞ்சுப் பக்கம் கொண்டுவரவேண்டும். அப்புறம் இடுப்பை மட்டும் மெல்லத் தரையைவிட்டுத் தூக்கி இறக்கவேண்டும். கடைசியில், கையையும் முழங்காலையும் ஊன்றி நாலு காலில் நின்று, முதுகை மேலே வளைத்துப் பிறகு தளர்த்தவேண்டும். எழுந்திருக்கும்போது வெடுக்கென்று எழாமல், பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழவேண்டும். நாளுக்கு நாலு தடவையாவது முற்றத்தில் நடக்கவேண்டும்.

"நான் என்ன குஸ்திக்கா போகப்போறேன்?" என்றாள் யதுகிரி.

"குஸ்தியில்ல அம்மணி, போட்டியுமில்ல. இன்னிக்குக் கொஞ்சம், நாளைக்கு அதவிட ஒண்ணு கூட. லேசா வலிச்சாப் பரவால்ல. வலி கூடிக்கிட்டே போச்சுன்னா நிறுத்தீரோணும். காத்தால எந்திரிச்ச உடனே பண்ணாதீங்க, அப்ப முதுகு இறுக்கமா இருக்கும். வெந்நீர்ல குளிச்சு உடம்பு இளகினதுக்கு அப்புறம் பண்ணுங்க. இடுப்பு தரையில படுதான்னு உங்களுக்கே தெரியாது. ஆராச்சும் ஒருத்தர் அடியில கைய வச்சுப் பாக்கோணும்."

இங்கேதான் சிக்கல் வந்தது. அந்த வீட்டில் குளித்துவிட்டால் மடி. மடிப்புடவை கட்டினவளை, குளிக்காத ஆள் தொட்டால் மறுபடியும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவேண்டியதுதான். ஆண்பிள்ளைகள் குளிப்பதற்கு வெகு நேரமாகும். சென்னம்மா தொட்டாலும் விழுப்பு. காலையில் அந்த நேரத்துக்கு மடியோடு இருக்கிற இன்னொரு மனுஷி இந்தப் பூமண்டலத்தில் ஒருத்திதான்.

"அட, இவங்களும் மடியிலதான இருப்பாங்க? அப்புறம் என்னங்க?" என்று சென்னம்மா பூமாவைக் காட்டினாள். பூமா தலையை ஆட்டினாள். யதுகிரி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அடுப்படியை ஒட்டின ரேழியில், கழுவிவிட்ட வெறும் தரையில் மடிப்புடவை ஒன்றை விரித்துப் படுத்தாள். பூமா பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்புக்கு அடியில் கையை நுழைத்தாள். எந்தக் கையைக் கரண்டியில் படவிடாமல் இத்தனை வருஷம் காவல் காத்தாளோ, அந்தக் கை இப்போது இவள் முதுகுக்கு அடியில். "இப்ப அமுக்குங்கோ மன்னி. இன்னும் கொஞ்சம். ஆங், இப்பப் பட்றது" என்றாள் பூமா. கை என்னமோ மிருதுவாகத்தான் இருந்தது. அதுவும் யதுகிரிக்குப் பொறுக்கவில்லை. பாத்திரம் தேய்க்கிற கை இப்படியா இருக்கும், என்னத்தைத் தேய்க்கிறாள் என்று நினைத்தாள்.

ஆனால் பலன் தெரிந்தது, அதை மறைப்பானேன். நாலைந்து நாளில் தானாகப் புரண்டாள். பிறகு தானாக எழுந்தாள். முற்றத்தைச் சுற்றி நடந்தாள். ஒரு வாரம் கழித்து மணையைப் போட்டு அடுப்படியில் உட்கார்ந்து சாத்தமுதுக்குப் புளி கரைத்தாள். அன்று நம்பி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். "சாத்தமுது எப்படி?" என்று இவளே கேட்டாள். "நன்னாத்தானே இருக்கு" என்றார் அவர். நன்றாகத்தான் இருக்கிறதாம். பூமா செய்தால் "ரொம்ப நன்னா அமைஞ்சிருக்கே", இவள் செய்தால் "நன்னாத்தானே". அந்த 'தானே' அன்று முழுக்க அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அதற்கப்புறம்தான் சந்தேகம் கிளம்பியது. திருவாதிரை நெருங்க நெருங்க, பயிற்சி நேரத்தில் பூமா, "போதும் மன்னி, சென்னம்மா இன்னிக்கு இவ்வளவுதானே சொன்னா" என்று நிறுத்திவிடுவாள். இன்னொரு தடவை இடுப்பைத் தூக்குகிறேன் என்றால், "நாளைக்குப் பண்ணிக்கலாம்" என்பாள். ஏன் நாளைக்கு? ஏன் போதும்? யதுகிரி உள்ளுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகவே ஓட்டினால் திருவாதிரைக்கு இவளால் நிற்க முடியும், நடக்க முடியும், கங்காளத்தைத் தூக்க முடியாது. அப்போது யார் இறக்குவாள்? மாலை யார் தலையில் ஏறும்? அடி கள்ளி, கையை அடியில் கொடுத்துக்கொண்டே குழி பறிக்கிறாயா என்று நினைத்தாள். நினைக்க நினைக்க அதுதான் உண்மை என்று ஆகிவிட்டது.

திருவாதிரைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு மத்தியானம் பூமா பிறந்தகம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். பக்கத்துத் தெருதான். அவள் தலை மறைந்ததும் யதுகிரி தரையில் படுத்தாள். இடுப்பைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். வியர்த்துக் கொட்டுகிறவரை விடவில்லை. எழுந்தபோது உடம்பு லேசாகப் பறப்பது போல் இருந்தது. பார்த்தாயா, எனக்கு ஒன்றுமில்லை, இவள்தான் என்னை நோயாளியாக வைத்திருந்தாள் என்று தோன்றிற்று. அந்தச் சூட்டோடு கொல்லையில் கிணற்றடிக்குப் போனாள்.

வீதிக்கு வீதி குழாய் வந்துவிட்ட காலம் அது. வாசலில் திருகினால் தண்ணீர் கொட்டும். ஆனால் குழாய்க்குள்ளே தோல் வாஷர் இருக்கிறதாமே, அந்தத் தண்ணீர் மடிக்கு ஆகுமா? ஆகாது. மடித் தண்ணீர் கிணற்றிலிருந்து சேந்தினால்தான். இவள் படுத்ததிலிருந்து அதையும் பூமாதான் சேந்திக்கொண்டிருந்தாள். யதுகிரி கயிற்றை வீசிப் பெரிய குடமாகவே சேந்தினாள். மேலே வந்த குடத்தைக் கிணற்றுச் சுவரிலிருந்து எடுத்து, காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பிக் கீழே வைக்கப் போனாள். அதே இடத்தில், அதே படக்.

பூமா திரும்பி வந்தபோது மன்னி கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குடம் உருண்டு கிடந்தது. பூமா ஓடி வந்தாள். இடுப்பைச் சுற்றிக் கையைக் கொடுத்து மெள்ள நடத்திக்கொண்டு போய், "முதல்ல உக்காருங்கோ, பக்கவாட்டா சாயுங்கோ, இப்பக் காலைத் தூக்குங்கோ" என்று படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் தலகாணி வைத்தாள். வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தாள். அப்புறம்தான் கேட்டாள்.

"நான் வேணும்னே உங்கள நிறுத்தி வச்சிருக்கேன்னு நெனச்சேளா?"

யதுகிரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது.

"சரி, கேட்டுக்கோங்கோ. எனக்கு ஆசை இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். இந்த ஆத்துக்கு வந்ததுலேர்ந்து அந்த மாலை உங்க தலையில ஏறறத நின்னுண்டு பாக்கறேன். வயிறு எரியறது மன்னி. ஒவ்வொரு வருஷமும் எரியறது. ஆனா நீங்க படுத்திருந்து நான் இறக்கினா என்ன சொல்லுவா தெரியுமா? பாவம், மூத்தவளுக்கு முடியல, அதனால இவ கைக்கு வந்துதுன்னு சொல்லுவா. அந்த மாதிரி வர மாலை எனக்கு வேண்டாம். நீங்க நன்னா நிக்கறச்சே வரணும், இல்லேன்னா வரவே வேண்டாம்."

சொல்லிவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். யதுகிரி படுத்தபடியே யோசித்தாள். கோபம் வரவில்லை. வயிற்றெரிச்சல் என்பது இந்த வீட்டில் தனக்கு மட்டும் இருக்கிற வியாதி என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தாள். இவளுக்கும் இருக்கிறதா? அதுவும் வருஷா வருஷமா? ஏனோ அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் சென்னம்மா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "போட்டியில்லீங்கன்னு சொன்னனே, ஆருகூடப் போட்டி போட்டீங்க?" என்றாள். இரண்டு பேரும் வேறு வேறு திசையில் பார்த்தார்கள். "நல்லவேளை, முன்ன மாதிரி இல்ல, லேசாத்தான் புடிச்சிருக்குது. கயிறு கொஞ்சம் பலமாயிருக்கறதாலதான். ரெண்டு நாள் அமைதியா இருந்துட்டு மறுபடியும் முதல்லருந்து ஆரம்பிங்க. அது சரி, மொதல் தடவை எப்படிங்க புடிச்சுது? எதத் தூக்கினீங்க?"

பூமா அடுப்படியிலிருந்து கங்காளத்தை உருட்டிக்கொண்டு வந்து வாசற்படியோரம் நிறுத்தினாள். சென்னம்மா அதைத் தொடவில்லை, சுற்றி வந்து பார்த்தாள்.

"இந்த வளையமெல்லாம் எதுக்குங்க?"

"தூக்கறதுக்குத்தான்" என்றாள் யதுகிரி.

"ரெண்டு இருக்குதே. நீங்க ஒண்ணப் புடிச்சா, இன்னொண்ண ஆரு புடிப்பாங்க?"

பூமா சுவரில் இருந்த பல்லியை உற்றுப் பார்த்தாள்.

"ரெண்டையும் நானேதான்" என்றாள் யதுகிரி கடைசியில்.

சென்னம்மா தன் தோல் பையை எடுத்து வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினாள். "இப்படி வச்சா இதுல பாரமே இல்ல." பிறகு அதே பையைக் கையை நீட்டிப் பிடித்தாள். "இப்பப் பாருங்க, நிமிசத்துல கை நடுங்குது. பை அதேதான். எட்டப் போகப் போக முதுகு மேல பாரம் ஏறுது. இம்மாம் பெரிய ஏனத்த, சூட்டோட, கைய விரிச்சு, குனிஞ்சு, அதுக்கு மேல திரும்பி வேற வச்சிருக்கறீங்க. இடுப்பு என்னங்க பண்ணும்? இது ரெண்டு பேரு தூக்கற சாமான் அம்மணி. செஞ்சவனுக்கு அது தெரிஞ்சுதான ரெண்டு வளையம் வச்சான்?"

செய்தவனுக்குத் தெரிந்தது யதுகிரிக்குத் தெரியாதா என்ன? மாமியார் காலத்தில் அந்த இன்னொரு வளையத்தைப் பிடித்தவளே அவள்தான். "யதுகிரி, வாடி, பிடி" என்று மாமியார் கூப்பிடுவாள். இரண்டு பேருமாக இறக்குவார்கள். பெரியப்பா கேட்கும்போது மாமியார் மட்டும் முன்னால் போய் மாலையை வாங்கிக்கொள்வாள். இவள் தூண் பக்கத்தில் நின்று பார்ப்பாள். பாதி பாரத்தைத் தூக்கிய கைக்கு ஒரு பூ கிடைத்ததில்லை. அப்போதே முடிவு பண்ணிவிட்டாள், என் காலம் வரும்போது இன்னொரு வளையத்தை யாரும் தொடக்கூடாது, தொட்டால்தானே பங்கு கேட்பார்கள் என்று. அந்த முடிவைத்தான் இத்தனை வருஷமும் இடுப்பில் வைத்துத் தூக்கியிருக்கிறாள். பூமா அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டிருந்தாள், காய் நறுக்குகிற சத்தம் கேட்டது. தூண் பக்கத்தில் நிற்கிறது எப்படி இருக்கும் என்று யதுகிரிக்குத் தெரியும்.

"திருவாதிரைக்கு நான் தூக்கலாமா?" என்று கேட்டாள்.

"சொன்னபடி கேட்டீங்கன்னா, ஒரு பக்கம் தூக்கலாம். தனியாத் தூக்கற இடுப்பு உங்களுக்கு வராதுங்க. எனக்கும் வராது, ஆருக்கும் வராது."

அந்த வாரம் யதுகிரி ஒரு தடவைகூட எண்ணிக்கையை மீறவில்லை. பூமா "போதும்" என்றால் நிறுத்தினாள். எரிச்சலோடுதான் நிறுத்தினாள், ஆனாலும் நிறுத்தினாள். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எழவும் சென்னம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். வெறும் கங்காளத்தை வைத்து இரண்டு பேரும் அதைப் பழகினார்கள். முதல் நாள் பூமாவின் பக்கம் மேலே போய் இவள் பக்கம் தாழ்ந்தது. "என்ன அவசரம் உனக்கு?" என்று யதுகிரி கடிந்துகொண்டாள். அவசரம் ஒன்றுமில்லை, அவளுக்கு வயசு குறைவு, முழங்கால் சொன்னபடி கேட்டது. அதை ஒப்புக்கொள்ள யதுகிரிக்கு வாய் வரவில்லை.

திருவாதிரை வந்தது. மேல்கோட்டைக் கூட்டம் வந்து இறங்கியது. யதுகிரி அடுப்பின் முன்னால் கொஞ்ச நேரம் மணையில் உட்கார்ந்தும், கொஞ்ச நேரம் நின்றும், இடையிடையே ரேழியில் நாலடி நடந்தும் கிளறினாள். பால் சுண்டியது, வெல்லம் இறங்கியது, நெய் மேலே மிதந்தது. இறக்குகிற வேளை வந்தது. துணியை இரண்டாகக் கிழித்து ஒன்றைத் தான் வைத்துக்கொண்டாள்.

"பூமா, வாடி, பிடி."

பூமா கொத்தமல்லியைப் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, முழங்காலை மடக்கி, முதுகு நிமிர்ந்து, ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்தார்கள். கங்காளம் எழுந்தது. திரும்பவேண்டிய இடத்தில் இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்பினார்கள். கீழே வைத்தார்கள். படக் ஒன்றும் கேட்கவில்லை. யதுகிரி நிமிர்ந்தாள், முழுசாக நிமிர்ந்தாள்.

பெருமாளுக்கும் உடையவருக்கும் அமுது செய்வித்து, பந்தி முடிந்து, பெரியப்பா மாலையைக் கையில் எடுத்தார். மல்லிகையும் மருக்கொழுந்தும் கலந்து கட்டின மாலை. கூடமே மணத்தது.

"கங்காளத்த இறக்கின கை எது?"

பூமா தூண் பக்கத்திலேயே நின்றாள். தலை குனிந்திருந்தது. ஒரு வார்த்தை அவள் பேசமாட்டாள் என்று யதுகிரிக்குத் தெரியும். இவள் முன்னால் போய் "என் கை" என்றால் முடிந்தது. மாமியார் அப்படித்தான் செய்தாள். யாரும் கேட்கப் போவதில்லை. தொண்டை வரைக்கும் அந்த இரண்டு வார்த்தை வந்தது. அதை விழுங்கினபோது, கிணற்றடியில் இடுப்பு பிடித்ததைவிட வலித்தது.

முன்னால் போனாள். முழங்காலை ஊன்றி, நெற்றி தரையில் படச் சேவித்தாள். யாரும் கை கொடுக்காமல் தானாக எழுந்தாள். மாலையை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேர் கை பெரியப்பா" என்றாள். "என்னோடதும் பூமாவோடதும்."

பெரியப்பா புருவத்தைத் தூக்கினார். அவர் காலத்தில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. "அப்படியா? ஆகட்டும், ஆகட்டும்" என்றார்.

யதுகிரி தூண் பக்கம் போய், மாலையின் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். சரிபாதியாகத்தான் அறுக்க நினைத்தாள். அறுபட்டபோது ஒரு துண்டு பெரிசாகவும் ஒரு துண்டு சிறிசாகவும் வந்தது. நார் அப்படி வந்துவிட்டது என்று சொல்லலாம். பெரிய துண்டைத் தன் கொண்டையில் வைத்துக்கொண்டு சின்னதைப் பூமாவிடம் நீட்டினாள்.

பூமாவின் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் பார்க்கத் தெரியாத கண்ணா அது?

"மன்னி, உங்களுது பெரிசா இருக்கே."

"கரண்டி பிடிச்சவ யாரு?" என்றாள் யதுகிரி.

பூமா சிரித்துக்கொண்டே தன் துண்டை வாங்கிப் பின்னலில் சுற்றினாள். சின்னத் துண்டுதான். ஆனால் அவளுடைய நீளப் பின்னலுக்கு அந்த அளவுதான் எடுப்பாக இருந்தது. யதுகிரிக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.